தாய்ப்பாலும் ஐவகைத் தாயரும்: ஆஸ்திரேலியாவிலிருந்து சில குறிப்புகள்

தாய்ப்பால் பற்றித் தமிழில் வரும் கட்டுரைகள் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, அமுதம் என்று தொடங்கி அமுதம் என்றே முடிப்பது. மற்றொன்று, செய்ய வேண்டியவை, செய்யக் கூடாதவை என்று மருத்துவர் தரும் பட்டியல். இரண்டிலும் தவறில்லை. ஆனால் மெல்பர்னின் ஒரு புறநகர் வீட்டில், பக்கத்தில் கேட்க ஆளில்லாமல், இரவு மூன்று மணிக்குப் பசித்து அழும் குழந்தையுடன் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு இவை அவ்வளவாக உதவுவதில்லை. நான் மருத்துவர் அல்ல. மென்பொருள் எழுதிப் பிழைப்பவள். இரண்டு குழந்தைகளை இந்த ஊரில் பெற்று வளர்த்தபோது தேடிப் படித்தவற்றை, என்னைப் போல வெளிநாட்டில் இருக்கும் தமிழ்ப் பெண்களுக்கும் அவர்கள் கணவன்மாருக்கும் பயன்படட்டும் என்று இங்கே தொகுத்திருக்கிறேன். உங்கள் குழந்தைக்கு எது சரி என்பதை உங்கள் மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும்.

கடிகாரம் வந்த கதை

"குழந்தைக்கு நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை பால் கொடுத்தால் போதும்" என்று சொல்லும் பாட்டிகள் ஆஸ்திரேலியாவிலும் உண்டு, மயிலாப்பூரிலும் உண்டு, யாழ்ப்பாணத்திலும் உண்டு. இதை நம் மரபு என்று நினைத்தால் ஏமாந்து போவோம். நம் பழைய வீடுகளில் பால் கொடுக்கக் கடிகாரம் பார்த்தவர் யார்? இந்தக் கணக்கைப் பரப்பியவர்களுள் முக்கியமானவர் நியூசிலாந்தைச் சேர்ந்த ட்ரூபி கிங் என்ற மருத்துவர். சீக்ளிஃப் என்ற இடத்து மனநல விடுதிக்குப் பொறுப்பாளராக இருந்தவர். விடுதியின் பண்ணையில் கன்றுக்குட்டிகளுக்கு அளந்து உணவு கொடுத்து வளர்த்ததில்தான் அவருடைய குழந்தை வளர்ப்பு ஆர்வமும் தொடங்கியது. 1907இல் பிளங்கெட் சங்கத்தை நிறுவினார். நான்கு மணிக்கொரு முறை பால், இரவில் பால் இல்லை, அதிகம் தூக்கிக் கொஞ்சக் கூடாது என்பவை அவர் வகுத்த விதிகள்.

விசித்திரம் என்னவென்றால், ட்ரூபி கிங் தாய்ப்பாலுக்கு எதிரி அல்லர். அதன் தீவிர ஆதரவாளர். அவருடைய முறை 1920களில் சிட்னிக்கும் மெல்பர்னுக்கும் பரவியது. சிட்னியில் இன்றும் இயங்கும் கரிடானே என்ற அமைப்பு அந்த மரபில் 1923இல் தொடங்கியதுதான். தாய்ப்பால் கொடு, ஆனால் கடிகாரத்தைப் பார்த்துக் கொடு என்று சொன்னதன் விளைவாகப் பல தாய்மாருக்குப் பால் குறைந்தது. பால் மாவு நிறுவனங்கள் அந்த இடைவெளியில் புகுந்தன. 1970களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவில் தாய்ப்பால் கொடுப்போர் விகிதம் மிகத் தாழ்ந்த நிலைக்குப் போயிருந்தது.

இதற்கு எதிர்க்குரல் மெல்பர்னிலிருந்தே எழுந்தது. 1964 பிப்ரவரியில் மேரி பேட்டன் என்ற இளம் தாய், வேறு ஐந்து தாய்மாருடன் சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கினார். ஒரு தாய்க்கு இன்னொரு தாய் உதவுவது என்பதுதான் அதன் கொள்கை. பாலூட்டும் தாய்மார் சங்கம் என்ற பொருள்படும் பெயரில் இயங்கியது, 2001இல் ஆஸ்திரேலியத் தாய்ப்பால் சங்கம் என்று பெயர் மாறியது. அதன் தொலைபேசி உதவி 1800 686 268 என்ற எண்ணில் இரவும் பகலும் கிடைக்கிறது. பேசுபவர்கள் பயிற்சி பெற்ற தன்னார்வத் தாய்மார்.

பால் சுரக்கும் கணக்கு

கடிகார விதி ஏன் தோற்றது என்பதற்கான விளக்கமும் இந்த நாட்டிலிருந்தே கிடைத்தது. பெர்த் நகரின் மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில் பீட்டர் ஹார்ட்மன் என்ற பேராசிரியரின் குழு, 1990களில் மார்பின் மேல் கோடுகோடாக ஒளியை வீழ்த்திப் படமெடுத்து, அதிலிருந்து கணினி வழியாகக் கன அளவைக் கணக்கிட்டது. பால் எவ்வளவு வேகமாகச் சேர்கிறது என்பதை இப்படி மணிக்கணக்கில் அளக்க முடிந்தது. மார்பு நிறைந்திருக்கும்போது சுரப்பு மெதுவாகிறது; காலியாக ஆக வேகம் கூடுகிறது என்று தெரிய வந்தது. அதாவது எடுக்க எடுக்கத்தான் ஊறும். மணற்கேணியைப் பார்த்த தமிழருக்கு இதைச் சொல்லித்தான் தெரிய வேண்டுமா என்று கேட்கலாம். ஆனால் ஒவ்வொரு மார்பும் தனித்தனியே இந்தக் கணக்கை வைத்துக்கொள்கிறது என்பதும், பாலைத் தேக்கும் கொள்ளளவு பெண்ணுக்குப் பெண் வெகுவாக மாறுபடுகிறது என்பதும் புதிய செய்திகள்.

அதே குழுவினர் 2006இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு மிகவும் ஆறுதல் தந்தது. தாய்ப்பால் மட்டுமே குடித்து நன்றாக வளரும், ஒன்று முதல் ஆறு மாதக் குழந்தைகளை வைத்துச் செய்தது. இவர்கள் 24 மணி நேரத்தில் சராசரியாக 11 முறை குடித்தார்கள். ஆனால் 6 முறை மட்டும் குடித்த குழந்தையும் உண்டு, 18 முறை குடித்த குழந்தையும் உண்டு. நாளொன்றுக்குச் சராசரி 788 கிராம். ஒவ்வொரு முறையும் இருப்பதில் ஏறத்தாழ 67 சதவீதத்தைத்தான் குழந்தை எடுத்தது. பெரும்பாலான குழந்தைகள் இரவிலும் குடித்தன.

என் மூத்தவன் பிறந்தபோது மூன்று மாத விசாவில் வந்திருந்த என் அம்மா, அவன் மணிக்கொரு தரம் அழுவதைப் பார்த்து, "பால் பத்தலடி. ஒரு வேளை டப்பாப் பால் குடுத்துப் பாரேன்" என்றாள். பெற்ற மகளின் தூக்கத்துக்காகச் சொன்ன சொல். ஆனால் ஒரு வேளை டப்பாப் பால் கொடுத்து, அந்த நேரத்தில் பாலைக் கறந்தும் எடுக்காமல் விட்டால், அந்த ஒரு வேளைக்கான சுரப்பு குறையும். அடுத்த நாள் உண்மையிலேயே பத்தாது. பால் போதுமா என்று அறிய அழுகையை அளவுகோலாக வைப்பதைவிட எடையையும் துணியையும் பார்ப்பது நல்லது. முதல் சில நாட்களில் குழந்தையின் எடை சற்றுக் குறைவது இயல்பு. இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்ப வேண்டும். ஐந்தாம் நாளுக்குப் பின் நாளொன்றுக்குக் குறைந்தது ஐந்து டயப்பராவது நன்றாக நனைய வேண்டும். பத்து சதவீதத்துக்கு மேல் எடை குறைந்தாலோ, குழந்தை சோர்ந்து குடிக்க மறுத்தாலோ தாமதிக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். அந்த நிலையில் டப்பாப் பால் உயிர் காக்கும் பொருள். அதில் கொள்கை பேசக் கூடாது.

வேலூரிலிருந்து வந்த எச்சரிக்கை

முதல் கர்ப்பத்தின்போது இங்குள்ள என் குடும்ப மருத்துவர், நான் சைவம் என்று கேட்டவுடன் வைட்டமின் பி12 சோதனைக்கு எழுதிக் கொடுத்தார். ஏன் என்று தேடிப் போனபோது அந்தப் பாதை வேலூரில் போய் நின்றது. 1962இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ஜாதவ், வெப், வைஷ்ணவா, பேக்கர் ஆகியோர் லான்செட் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தாய்ப்பால் குடித்து வளர்ந்த சில குழந்தைகள் முதலில் நன்றாக இருந்து, சில மாதங்களில் மந்தமாகி, சிரிப்பதையும் தலை நிமிர்வதையும் இழந்தன. இரத்தச் சோகையும், தோலில் கருமையும், தன்னிச்சையான கைகால் அசைவுகளும் காணப்பட்டன. காரணம், தாயின் உடலில் பி12 இல்லை, எனவே பாலிலும் இல்லை. பி12 கொடுத்தவுடன் குழந்தைகள் தெளிந்தன.

அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் இந்தச் செய்தி நம் வீடுகளுக்கு வந்து சேரவில்லை. பி12 அசைவ உணவிலும் முட்டையிலும் பாலிலும்தான் உண்டு. பால், தயிர் சேர்க்கும் சைவர்களிலும் பலருக்குக் குறைவாகவே இருக்கிறது. பத்தியம் என்ற பெயரில் அதையும் குறைத்துவிட்டால் கேட்கவே வேண்டாம். தாயின் உடம்பில் இல்லாவிட்டாலும் எல்லாச் சத்தும் பாலில் தானாக வந்துவிடும் என்ற நம்பிக்கை சரியல்ல. சைவமாக உண்ணும் ஒவ்வொரு கர்ப்பிணியும் கேட்டு வாங்க வேண்டிய சோதனை இது. மாத்திரை மலிவானது.

இரண்டாவது எச்சரிக்கை மெல்பர்னுக்கே உரியது. 2001இல் ஆஸ்திரேலிய மருத்துவ இதழில் இரண்டு மெல்பர்ன் ஆய்வுகள் வந்தன. ஒன்று, கருத்த தோல் உடைய அல்லது முகத்திரை அணியும் கர்ப்பிணிகளில் பெரும்பாலோருக்கு வைட்டமின் டி மிகக் குறைவு என்றது. இன்னொன்று, எலும்பு வளையும் ரிக்கெட்ஸ் நோய் கண்ட குழந்தைகளின் தாய்மாரிடமும் அதே குறை இருப்பதைக் காட்டியது. நம் தோல் தமிழ்நாட்டு வெயிலுக்கு ஏற்றது. மெல்பர்ன் நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 38 பாகை தெற்கே இருக்கிறது. குளிர்கால வெயில் நமக்குப் போதுவதில்லை. அலுவலகத்தில் கணினி முன் உட்கார்ந்திருப்பவருக்குக் கோடையிலும் சந்தேகமே. தாய்ப்பாலில் வைட்டமின் டி எப்போதுமே குறைவுதான். எனவே இத்தகைய தாய்மாரின் குழந்தைகளுக்கு நாளொன்றுக்கு 400 அலகு சொட்டு மருந்து இங்கே பரிந்துரைக்கிறார்கள்.

சேனையும் சங்கும்

ஊரிலிருந்து வரும் பெட்டியில் எதை ஏற்பது, எதை விடுவது என்பது எல்லார் வீட்டிலும் வரும் வழக்கு. பிறந்தவுடன் சேனை தொட்டு வைப்பதை விட்டுவிடலாம். தேன் ஒரு வயது வரை கூடாது. அதிலிருக்கக்கூடிய நுண்ணுயிர் வித்துகள் குழந்தையின் குடலில் முளைத்துப் பொட்டுலிசம் என்ற வாத நோயை உண்டாக்கும். சர்க்கரைத் தண்ணீர், கழுதைப்பால், உரை மருந்து எதுவும் முதல் ஆறு மாதத்தில் தேவையில்லை. வெயில் காலத்தில் தண்ணீரும் வேண்டாம்; தாய்ப்பாலில் நூற்றுக்கு 87 பங்குக்கு மேல் தண்ணீர்தான். சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டுவது பெரும் நஷ்டம். அளவு சில தேக்கரண்டிதான் என்றாலும் நோய் எதிர்ப்புப் புரதங்கள் நிறைந்தது.

பூண்டு, வெந்தயம், பால் சுறாப் புட்டு, யாழ்ப்பாணத்தார் வைக்கும் காயச் சரக்கு ஆகியவற்றைப் பற்றி எனக்குச் சண்டையில்லை. பால் கூடுகிறதோ இல்லையோ, பெற்றவளுக்கு யாரோ ஒருவர் சூடாகச் சமைத்துத் தருகிறார் என்பதே பெரிய மருந்து.

பெட்டியிலிருந்து ஏற்க வேண்டிய பொருள் ஒன்று உண்டு: பாலாடை. சில ஊர்களில் சங்கு என்பார்கள். மூக்கு நீண்ட சிறு வெள்ளிக் கிண்ணம். பழங்காலப் பொருள் என்று நாம் ஒதுக்கிவைத்ததை இந்தியக் குழந்தை மருத்துவர்கள் விடவில்லை. குறைமாதக் குழந்தைகளுக்கும் சப்பிக் குடிக்க முடியாத குழந்தைகளுக்கும் கறந்த தாய்ப்பாலைப் பாலாடையால் புகட்டுகிறார்கள். 1999இல் வெளியான ஓர் இந்திய ஆய்வு புட்டி, கிண்ணம், பாலாடை மூன்றையும் ஒப்பிட்டு, பாலாடையில்தான் குழந்தைகள் குறைந்த நேரத்தில் அதிகம் குடித்தன என்று கண்டது. கழுவுவதும் கொதிக்க வைப்பதும் எளிது. ரப்பர் காம்பு இல்லாததால் புட்டிக்குப் பழகி மார்பை மறுக்கும் தொல்லையும் குறைவு. என் வீட்டுக்கு வந்த தாய்சேய் நலச் செவிலி அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எங்கே கிடைக்கும் என்று கேட்டார்.

டப்பாப் பால்

1939இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவர் 'பாலும் கொலையும்' என்ற பொருள்படும் தலைப்பில் உரையாற்றினார். சர்க்கரை சேர்த்த கட்டிப் பாலைக் குழந்தை உணவாக விற்று மலாயாவின் ஏழைக் குழந்தைகளைச் சாகடிக்கிறார்கள் என்பது அவர் குற்றச்சாட்டு. நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 1981இல், உலக சுகாதார மன்றம் தாய்ப்பால் மாற்றுகளின் விற்பனைக்கு நெறிமுறை வகுத்தது. ஆதரவு 118 ஓட்டுகள். எதிர்த்து ஓட்டளித்த ஒரே நாடு அமெரிக்கா. இந்தியா 1992இல் அதைச் சட்டமாக்கி, 2003இல் திருத்தி, இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் உணவு விளம்பரங்களைத் தடைசெய்தது. ஆஸ்திரேலியா அதே 1992இல் நிறுவனங்கள் தாமே முன்வந்து ஒப்புக்கொள்ளும் ஓர் உடன்படிக்கையோடு நின்றுகொண்டது. அதுவும் 2025இல் முடிவுக்கு வந்தது. இந்த ஒரு விஷயத்தில் நாம் விட்டு வந்த நாடு முன்னே நிற்கிறது.

அதற்காகப் பால் மாவு விஷமல்ல. சுத்தமான குழாய்த் தண்ணீர் உள்ள நாட்டில், டப்பாவில் சொன்ன அளவில் கலக்கினால் குழந்தை வளரும். ஆஸ்திரேலியாவில் விற்கும் குழந்தைப் பால் மாவு எதுவாயினும் ஒரே சட்டத் தரத்துக்கு உட்பட்டது. விலை கூடிய டப்பா வாங்க முடியவில்லையே என்று யாரும் மறுக வேண்டாம். தாய்ப்பாலின் நன்மையையும் மிகைப்படுத்த வேண்டியதில்லை. பெலாரஸில் நடந்த பெரிய ஆய்வு, வயிற்றுப்போக்கும் தோல் கரப்பானும் குறைவதைக் காட்டியது. பிற்காலத்தில் குழந்தை பருமனாவதைத் தடுக்கும் என்பதைக் காட்டவில்லை. தாய்க்கும் லாபம் உண்டு: 2002இல் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்தவர்கள், மொத்தம் பன்னிரண்டு மாதம் பாலூட்டினால் மார்பகப் புற்றுநோய் அபாயம் 4.3 சதவீதம் குறைகிறது என்று கணக்கிட்டார்கள்.

அலுவலகமும் சட்டமும்

2003 பிப்ரவரியில் விக்டோரியச் சட்டமன்றத்தில், பனிச்சறுக்கு வீராங்கனையாக இருந்து உறுப்பினரான கிர்ஸ்டி மார்ஷல், பிறந்து 11 நாளான மகளுக்குப் பாலூட்டியபடி அமர்ந்தபோது வெளியேறச் சொன்னார்கள். உறுப்பினரல்லாத அந்நியர் அவையில் இருக்கக் கூடாது என்ற விதியின்படி அந்தக் குழந்தை ஓர் அந்நியர்! 2017 மே மாதம் லரிசா வாட்டர்ஸ் கூட்டாட்சி மேலவையில் மகளுக்குப் பாலூட்டியபோது யாரும் தடுக்கவில்லை. இடையில் 2011இல் பாலினப் பாகுபாட்டுச் சட்டம் திருத்தப்பட்டு, பாலூட்டுவதும் பாலைக் கறந்தெடுப்பதும் பாதுகாக்கப்பட்ட உரிமைகளாயின. அலுவலகத்தில் இடம் கேட்கத் தயங்க வேண்டாம். கழிப்பறையைக் காட்டினால் ஏற்க வேண்டாம். கறந்த பாலைக் குளிர்பெட்டியில் 72 மணி நேரமும், தனிக்கதவு உள்ள உறைபெட்டியில் மூன்று மாதமும் வைக்கலாம்.

ஊதியத்துடன் கூடிய அரசு விடுப்பு 2011இல் 18 வாரமாகத் தொடங்கியது. 2025 ஜூலையில் பிறந்த குழந்தைகளிலிருந்து 24 வாரம், 2026 ஜூலையிலிருந்து 26 வாரம் என்பது சட்டம். ஆனால் தற்காலிக வேலை விசாவில் இருப்பவர்களுக்கு இது பொதுவாகக் கிடையாது. நிரந்தர வசிப்புரிமையோடு புதிதாக வந்தவர்களும் இரண்டு ஆண்டு காத்திருக்க வேண்டும். நம்மவர்களில் பலர் குழந்தை பெறுவது இந்த ஆண்டுகளில்தான்.

ஐவர் செய்த வேலை

2010இல் ஆஸ்திரேலிய அரசு எடுத்த கணக்கின்படி 96 சதவீதத் தாய்மார் பாலூட்டத் தொடங்குகிறார்கள். ஆறு மாத அளவில் தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் குழந்தைகள் 15 சதவீதம்தான். இலங்கையில் 2016இல் எடுத்த கணக்கில், ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளில் 82 சதவீதம் தாய்ப்பால் மட்டுமே குடித்தன. இரண்டு கணக்கெடுப்புகளின் முறையும் வேறு என்பதால் நேராக ஒப்பிட முடியாது. ஆனாலும் இடைவெளி கண்ணை உறுத்துகிறது. இலங்கையில் குடும்பநல மருத்துவமாது வீடு தேடி வருகிறார் என்பதை மறக்கக் கூடாது. ஆஸ்திரேலியப் பெண்களில் நூற்றுக்கு 96 பேர் விருப்பத்தோடுதான் தொடங்குகிறார்கள். எனவே குறை மனத்தில் இல்லை, ஏற்பாட்டில் இருக்கிறது.

தமிழ் மரபு தாயரை ஐந்தாக வகுத்தது: பாராட்டும் தாய், ஊட்டும் தாய், முலைத்தாய், கைத்தாய், செவிலித்தாய். அகப்பாடல்களில் நற்றாய் ஒருத்தி, செவிலி ஒருத்தி என்று இருவர் வருவதும் நமக்குப் பழக்கம்தான். இதில் செல்வர் வீட்டு வசதி இருக்கலாம். ஆயினும் பிள்ளை வளர்ப்பது ஒருத்தி வேலையல்ல என்ற தெளிவும் இருக்கிறது. டாண்டினாங்கிலோ வென்ட்வொர்த்வில்லிலோ கணவன் வேலைக்குப் போனபின் அந்த ஐவரும் ஒருத்தியாகவே இருக்க வேண்டியிருக்கிறது.

இதன் விலை மனநலத்தில் தெரிகிறது. 2015இல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வில், பாலூட்ட விரும்பி ஊட்டியவர்களுக்குப் பிரசவத்துக்குப் பின்னான மனச்சோர்வு அபாயம் மிகக் குறைவாகவும், விரும்பியும் ஊட்ட முடியாமற்போனவர்களுக்கு மிக அதிகமாகவும் இருந்தது. ஆகவே பால் நின்றுபோன ஒரு பெண்ணிடம் "நீ இன்னும் கொஞ்சம் முயன்றிருக்கலாம்" என்று சொல்வது அறிவுரையல்ல, கொடுமை. அந்த நேரத்தில் கூப்பிட பாண்டா என்ற அமைப்பு இருக்கிறது. எண் 1300 726 306. ஆங்கிலம் தயக்கமென்றால் 131 450 என்ற எண்ணில் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம்.

தாய்மாரைவிட மற்றவர்களிடம்தான் எனக்கு வேண்டுகோள். உங்கள் தெருவில் ஒரு தமிழ்ப் பெண் புதிதாகப் பிள்ளை பெற்றிருந்தால் பட்டுச் சட்டை வேண்டாம். ஒரு பாத்திரம் ரசமும் பூண்டுக் குழம்பும் எடுத்துக்கொண்டு போங்கள். மூத்த பிள்ளையை ஒரு மணி நேரம் பூங்காவுக்கு அழைத்துப் போங்கள். கணவன்மார்களே, பால் கொடுப்பது தவிர மற்ற எல்லா வேலையும் உங்களாலும் முடியும்; இரவில் துணி மாற்றுவது உட்பட. ஐந்து தாயரில் முலைத்தாய் வேலையை மட்டும் அவளுக்கு விட்டு, மீதி நான்கை நாம் பங்கு போட்டுக்கொண்டால் போதும்.